கூரைக்கு எதற்குத் தேதி?

மாட்டுங்கா ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஒரு தமிழகம் இருக்கிறது. மேற்கே இன்னொரு தமிழகம் இருக்கிறது. கிழக்கே கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள பழைய மாடி வீடுகள், ஆஸ்திக சமாஜம், பூக்கடைகள், காப்பிக் கடைகள், தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளிக்கூடம். மேற்கே ரயில்வே ஒர்க் ஷாப்பைத் தாண்டிப் போனால் லேபர் கேம்ப். அதைத் தொட்டுக்கொண்டு தாராவி. இரண்டு பக்கமும் பேசப்படுவது ஒரே மொழி. இரண்டு பக்கமும் பொங்கல் ஒரே நாளில்தான் பொங்குகிறது. ஆனால் தலைக்கு மேலுள்ள கூரையின் மீது இரு தரப்பாருக்கும் உள்ள உரிமை ஒன்றல்ல.

இந்த வேற்றுமை பணத்தினால் மட்டும் வந்ததல்ல, தேதியினாலும் வந்தது. எந்த ஆண்டுக்கு முன்னால் வந்தான், அதற்கு என்ன காகிதம் வைத்திருக்கிறான் என்பதைப் பொறுத்தே மும்பையில் ஒரு மனிதன் வீட்டுக்கு உரியவனா, வெளியே நிற்க வேண்டியவனா என்பது முக்கால் நூற்றாண்டாகத் தீர்மானிக்கப்பட்டு வருகிறது. ஏழைக்கும் நகரத்தில் இடம் வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு அரசாங்கம் கொண்டுவந்த ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு தேதி ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. தாராவியைத் திருத்திக் கட்டும் வேலை தொடங்கியுள்ள இந்த நேரத்தில், அந்தத் தேதிகள் யாரை உள்ளே அழைத்தன, யாரை வெளியே நிறுத்தின என்பதை எண்ணிப் பார்ப்பது அவசியம்.

முதல் தேதி: 1940

1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்குக் காரணம் என்று கருதிய அன்றைய அரசாங்கம், 1898-இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டை நிறுவியது. அந்த டிரஸ்ட் வகுத்த தாதர் - மாட்டுங்கா திட்டத்தில் உருவானவையே இன்றைய மாட்டுங்காவின் அகன்ற வீதிகளும் மாடி வீடுகளும். ரயில்வேயிலும், பாங்குகளிலும், வர்த்தகக் கம்பெனிகளிலும் குமாஸ்தாக்களாகவும் டைப்பிஸ்டுகளாகவும் வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் அங்கே வாடகைக்குக் குடியேறினார்கள். வீட்டை விலைக்கு வாங்கியவர்கள் சிலர். வாடகைக்கு இருந்தவர்களே பலர்.

1947-இல் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1940 செப்டம்பர் மாதத்து வாடகையே நியாய வாடகை என்று அது வகுத்தது. குடியிருப்பவரைக் காரணமின்றி வெளியேற்ற முடியாது என்றும் சொன்னது. மாதச் சம்பளக்காரர்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. மாட்டுங்காவில் இரண்டு, மூன்று தலைமுறைகள் ஒரே வீட்டில் நிம்மதியாக வாழ்ந்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அதே சட்டம் பின்னால் வந்தவனுக்குக் கதவை மூடியது. பழைய வாடகையை உயர்த்த முடியாத வீட்டுக்காரர் புதிய குடித்தனக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கேட்டார். அதுதான் பகடி. பல காலம் இரகசியமாக நடந்த அந்தக் கொடுக்கல் வாங்கலை 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிப்படையாகவே அனுமதித்தது. பகடி கொடுக்க வசதியில்லாத கூலித் தொழிலாளிக்கு மாட்டுங்காவின் கிழக்குப் பக்கம் எட்டாததாயிற்று. அவன் தண்டவாளத்தைக் கடந்து மேற்கே போனான். சதுப்பு நிலத்தைக் குப்பையும் மண்ணும் கொட்டித் தூர்த்து, அதன் மேல் தகரமும் சாக்கும் போட்டான். கோலி மீனவர்களும், சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த தமிழர்களும் சேர்ந்து உண்டாக்கிய தாராவி இப்படித்தான் வளர்ந்தது.

உள்ளே இருப்பவனைக் காப்பாற்றும் சட்டம் வெளியே நிற்பவனை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையின் முதல் பாடம் இது.

நடைபாதையிலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்கு

1971-இல் மகாராஷ்டிர குடிசைப் பகுதிச் சட்டம் நிறைவேறியது. குடிசையை இடிப்பது மட்டும் அரசாங்கத்தின் வேலையல்ல, தண்ணீரும் கக்கூசும் விளக்கும் கொடுத்து அதைத் திருத்துவதும் அதன் கடமை என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. 1976-இல் அரசு நிலங்களில் இருந்த குடிசைகளைக் கணக்கெடுத்துப் போட்டோ பாஸ் கொடுத்தார்கள். குடும்பத் தலைவரின் படம் ஒட்டிய அந்தக் காகிதம்தான் ஏழைக்கு இந்த நகரம் கொடுத்த முதல் அங்கீகாரம். கணக்கெடுத்த நாளில் ஊருக்குப் போயிருந்தவன், வேலைக்குப் போயிருந்தவன், அடுத்த மாதம் வந்து சேர்ந்தவன் ஆகியோருக்கு அது கிடைக்கவில்லை. 1940-க்குப் பிறகு இரண்டாவது தேதி அது.

1981 ஜூலையில், கொட்டும் மழையில், நடைபாதைக் குடிசைகளை அகற்ற மாநில அரசாங்கம் உத்தரவிட்டது. அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன வழக்கு ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டது. ஓல்கா டெல்லிஸ் பத்திரிகையாளர். அவரோடு சேர்ந்து வழக்குத் தொடுத்த நடைபாதைவாசிகளில் ஒருவர் தமிழர் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். சேலத்தில் நிலமில்லாத விவசாயக் கூலியாக இருந்தவர். மழை பொய்த்து வேலையில்லாமல் 1961-இல் பம்பாய்க்கு வந்தவர். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய்க் கூலி. நெடுஞ்சாலை ஓர நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட்டும் கான்வாசும் போட்ட கூரைக்கு, பேட்டைத் தாதா ஒருவன் அவரிடம் பிடுங்கியது 2,500 ரூபாய். மனைவியோடும் மூன்று பெண் குழந்தைகளோடும் அங்கேதான் வாழ்ந்தார். இவையெல்லாம் தீர்ப்பிலேயே பதிவான விவரங்கள்.

1985 ஜூலை 10-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும், வேலை செய்யும் இடத்துக்கு அருகே இருக்க முடியாவிட்டால் ஏழைக்குப் பிழைப்பே போய்விடும் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும் நாடெங்கும் குடிசைவாசிகளுக்காக வாதாடும் வக்கீல்கள் முதலில் எடுத்துக்காட்டுவது அந்த வாசகத்தைத்தான்.

தீர்ப்பின் இரண்டாம் பாகத்தையும் மறந்துவிடக் கூடாது. நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமையில்லை, நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் கோர்ட்டு சொன்னது. மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31 வரை பொறுத்திருக்கச் சொன்னது. 1976 கணக்கெடுப்புக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு மாற்று இடம் கொடுக்கச் சொன்னது. கார்டு இல்லாதவர்களுக்கு அந்த உத்தரவில் இடமில்லை. அதாவது, பிழைப்பு எல்லோருக்கும் உரிமை. மாற்று இடம் மட்டும் தேதிக்கு முந்தியவர்களுக்கு!

நகர்ந்துகொண்டே போகும் கோடு

1985 டிசம்பரில் காங்கிரஸ் நூற்றாண்டு விழாவுக்கு வந்த பிரதமர் ராஜீவ் காந்தி, பம்பாயின் வீட்டு வசதிக்காக 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் ஒரு பகுதி தாராவிக்கு வந்தது. சில கட்டடங்கள் எழுந்தன. ஆனால் வீட்டுக்காகக் கட்ட வேண்டியிருந்த தொகை பலருக்குக் கைக்கு மீறியதாக இருந்தது.

1995-இல் பதவிக்கு வந்த சிவசேனா - பாரதிய ஜனதா அரசாங்கம் 40 லட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்று அறிவித்தது. அதற்கென ஒரு தனி அதிகார அமைப்பு உண்டாயிற்று. பில்டர் தன் செலவில் குடிசைவாசிகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார். அதற்கு ஈடாக அதிகப்படியான தளங்களைக் கட்டி விற்றுக்கொள்வார் என்பது ஏற்பாடு. அரசாங்கத்துக்கு நேரடிச் செலவில்லை, ஏழைக்கு 225 சதுர அடி வீடு, பில்டருக்கு லாபம். கேட்பதற்கு இனிமையான திட்டம்தான். பின்னர் அது 269 சதுர அடியாகி, 300 சதுர அடியாயிற்று. முப்பது ஆண்டுகளாகியும் அந்த 40 லட்சம் என்ற இலக்கு எட்டப்படவில்லை. நிலத்தின் விலை உயர்ந்த இடங்களில் பில்டர்கள் முந்தினார்கள். விலை இல்லாத இடங்களில் எட்டிப் பார்க்கக்கூட ஆள் வரவில்லை.

அந்தத் திட்டத்திலும் தேதி இருந்தது. 1991-இல் வந்த முந்தைய திட்டத்தில் 1985 ஜனவரி 1. இலவச வீட்டுத் திட்டத்தில் 1995 ஜனவரி 1. 2014-இல் அது 2000 ஜனவரி 1 ஆயிற்று. அதன் பிறகு, 2011 ஜனவரி 1 வரை வந்தவர்கள் பணம் கட்டி வீடு பெறலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. 2023-இல் அந்தத் தொகை 2½ லட்சம் ரூபாய் என்று நிர்ணயமாயிற்று. மாட்டுங்காவின் பழைய வாடகைக் கட்டடங்களை இடித்துக் கட்டும் விதியிலும் 1996 ஜூன் 13 என்று ஒரு தேதி உண்டு.

இந்தக் கோடு எத்தனை முறை நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் இதுவே கடைசி என்று சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் தேர்தலையொட்டி நகர்த்தினார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. உண்மை என்னவென்றால், கோட்டுக்கு அப்பால் நிற்பவர்களும் இந்த நகரத்துக்கு வேண்டியவர்கள். அவர்கள் இல்லாமல் நகரம் ஒரு நாள்கூட ஓடாது. 2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி மும்பை மக்களில் பத்துக்கு நான்கு பேர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். அத்தனை பேரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தி வைக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது.

தாராவியில் மூன்று வரிசை

சுமார் 600 ஏக்கர் பரப்புள்ள தாராவியைத் திருத்திக் கட்டும் திட்டம் 2004-இல் அங்கீகரிக்கப்பட்டது. டெண்டர்கள் அழைக்கப்பட்டு ரத்தாகிப் பல ஆண்டுகள் கழிந்தன. 2022 நவம்பரில் திறந்த டெண்டரில் 5,069 கோடி ரூபாய் கேட்பு விலை கொடுத்த அதானி நிறுவனம் தேர்வாயிற்று. 2023 ஜூலையில் உத்தரவு வழங்கப்பட்டது. அந்த நிறுவனத்துக்கு 80 சதவிகிதமும் மாநில அரசாங்கத்துக்கு 20 சதவிகிதமும் பங்குள்ள ஒரு கூட்டுக் கம்பெனி இந்த வேலையை ஏற்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு ஆரம்பமாயிற்று.

தேதிக்குப் பிந்தியவர்களையும் மாடியில் இருப்பவர்களையும் ஒரேயடியாக ஒதுக்கிவிடாமல் ஏதாவது ஒரு வகையில் சேர்த்துக்கொள்வதாக அரசாங்கம் சொல்வது, முந்தைய திட்டங்களில் இல்லாத ஒரு நல்ல அம்சம். அதை வரவேற்க வேண்டும். ஆனால் அந்தச் சேர்க்கை மூன்று வரிசைகளாக இருக்கிறது.

முதல் வரிசை: 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத் தளத்தில் இருப்பவர்கள். இவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம்.

இரண்டாம் வரிசை: 2000-க்கும் 2011-க்கும் இடையே வந்த தரைத் தளத்தவர்கள். இவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. விலை 2½ லட்சம்.

மூன்றாம் வரிசை: 2011-க்குப் பிறகு 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களும், எந்த ஆண்டு வந்திருந்தாலும் மாடியில் குடியிருப்பவர்களும். இவர்களுக்கும் வெளியேதான், வாடகை வீடு. வாடகை கட்டி வந்து பின்னர் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

மாடி என்றால் மாளிகையல்ல. தாராவியை அறிந்தவர்களுக்கு அது தெரியும். செங்குத்தான இரும்பு ஏணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போகும் பத்தடிக்குப் பத்தடி ரூம் அது. கீழே தகப்பனார் இருப்பார். கல்யாணமான மகன் மேலே இருப்பான். அல்லது கீழே பட்டறை இருக்கும். மேலே ஊரிலிருந்து வந்த ஆறு பையன்கள் வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். முப்பது ஆண்டுகள் மாடியில் இருந்தவன் மூன்றாம் வரிசையில் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் வந்து தரையில் குடியேறியவன் முதல் வரிசையில் நிற்கிறான். இதில் நியாயம் எங்கே இருக்கிறது? தரையில் இருப்பதும் மாடியில் இருப்பதும் மனிதனின் தேவையைக் காட்டும் அளவுகோல் ஆகுமா?

ஊரில் ஒரு கார்டு, இங்கே ஒரு பில்

தேதியை நிரூபிப்பது காகிதம். இதில்தான் தமிழர்கள் பின்தங்கிப் போகிறார்கள். "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை" என்ற பழமொழி இவர்களுக்கென்றே சொன்னது போலிருக்கிறது.

முதல் காரணம், ஊர்ப் பாசம். பலர் ரேஷன் கார்டையும் வோட்டையும் ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள். கோயில் கொடைக்கும் தேர்தலுக்கும் ஊருக்குப் போகிறவர்களுக்கு அது பெருமையாகவும் இருந்தது. ஆனால் இங்கே கணக்கெடுக்க வருபவர், 2000-க்கு முந்தைய இந்தத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் எங்கே என்று கேட்கிறார். உழைத்த இடத்திலும் அத்தாட்சி இல்லை. அத்தாட்சி இருக்கும் இடத்திலும் உழைப்பு இல்லை.

இரண்டாவது காரணம், பெயர். இந்த மாநிலத்தில் பெயர் என்றால் தன் பெயர், தகப்பனார் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று வேண்டும். தமிழனுக்கு இருப்பது ஓர் எழுத்து இனிஷியல். லைட் பில்லில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் மராத்தியில் ஒரு மாதிரி, ஆதாரில் இங்கிலீஷில் இன்னொரு மாதிரி என்று முருகேசனுக்கு நான்கு எழுத்துக்கூட்டு உண்டாகிவிடுகிறது. நான்கும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அவன் கோர்ட்டு வாசலில் அபிடவிட்டு எழுதிக்கொண்டு நிற்கிறான்.

மூன்றாவது காரணம், வாய்ப் பேச்சு. ஊர்க்காரர், உறவுக்காரர் என்ற நம்பிக்கையில் ரூமை வாங்கியவர்கள் வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு கையெழுத்தோடு விட்டுவிட்டார்கள். மின்சார மீட்டரைக்கூடத் தம் பெயருக்கு மாற்றவில்லை. பழைய சொந்தக்காரர் ஊரில் காலமாகிவிட்டால் அவருடைய வாரிசுகளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

பெண்களின் நிலையையும் இங்கே சொல்ல வேண்டும். மறுவாழ்வு வீட்டைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மத்திய அரசாங்கம் 2015-இல் கொண்டுவந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டமும் வீடு பெண்ணின் பெயரிலோ கூட்டாகவோ இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறது. பெண்கள் பெயரில் வாங்கும் வீட்டுக்கு மகாராஷ்டிர அரசாங்கம் 2021 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வையில் 1 சதவிகிதம் குறைத்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு ஆணுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையை 2023-இல் எடுத்தும் விட்டது. இவை நல்ல காரியங்கள். ஆனால் கணவன் பெயரில் மட்டும் போட்டோ பாஸ் இருந்து, அவனும் காலமாகிவிட்ட விதவைக்கு, வாரிசுச் சான்று எடுப்பதற்குள் கணக்கெடுப்பே முடிந்துவிடுகிறது. சட்டம் கொடுத்ததைத் தாமதம் பறிக்கிறது.

தூரமும் ஒரு சுவர்

வீடு எங்கே கிடைக்கிறது என்பது, வீடு கிடைக்கிறதா என்பதைப் போலவே முக்கியம். தாராவிக்கு வெளியே போக வேண்டியவர்களுக்காகக் குர்லா பால்பண்ணை நிலம், தேவனார் குப்பைக் கிடங்கு நிலம், முலுந்து பக்கத்து உப்பள நிலம் ஆகியவற்றை 2024, 2025-ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் ஒதுக்கியது. குர்லா அருகில்தான். மற்றவை அப்படியல்ல. விடியற்காலையில் இட்லி அவித்துத் தலையில் சுமந்து தாதருக்கும் சயானுக்கும் கொண்டுபோய் விற்பவன், முலுந்திலிருந்து எந்த ரயிலில் கூடையோடு ஏறுவான்? தோல் பை தைப்பவனுக்குத் தோல் விற்பவன், பூட்டு விற்பவன், கூலிக்குத் தைப்பவன் எல்லாரும் இரண்டு சந்துக்குள் இருக்கிறார்கள். அந்தச் சந்துதான் அவனுடைய மூலதனம். அதைப் பறித்துவிட்டு 300 சதுர அடி கொடுத்தால் கணக்கு நேராகுமா?

இதற்கு அனுபவம் இல்லாமல் இல்லை. செம்பூரில் மாஹுல் இருக்கிறது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கத்தில் கட்டப்பட்ட அந்தக் குடியிருப்பில், தான்சா குடிநீர்க் குழாயின் ஓரமிருந்து அகற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். காற்றே நஞ்சாக இருக்கிறது என்று மக்கள் போராடினார்கள். 2019 ஏப்ரலில் பம்பாய் ஹைகோர்ட்டு, அங்கே போகும்படி அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, வேறு வீடு கொடுக்க முடியாவிட்டால் மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுங்கள் என்று உத்தரவிட்டது. வீடு என்ற பெயரில் எதைக் கொடுத்தாலும் சரி என்ற எண்ணத்துக்கு அது ஒரு கடிவாளம்.

தாய்நாட்டிலும் கதை வேறல்ல. 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைத்துச் சென்னையில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்து நாட்டுக்கே வழிகாட்டியது தமிழகம். அதே தமிழகம் பிற்பாடு கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டது. வீடு இருந்தது, வேலை இல்லை. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பஸ் கட்டணத்துக்கே சம்பளத்தில் பாதியைக் கொடுக்க நேர்ந்தது. பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுந்தது.

குமாஸ்தாவின் கதவு

மாதச் சம்பளக்காரர்களுக்கு வேறு வகைக் கதவுகள் இருக்கின்றன. மகாராஷ்டிர வீட்டு வசதி வாரியமான மாடாவின் குலுக்கலில் எவரும் ஜாதி, மதம், மொழி பார்க்காமல் சேரலாம்; வருமானத்துக்கேற்ற பிரிவுகள் உண்டு. ஆனால் அங்கும் தேதி உண்டு. இந்த மாநிலத்தில் 15 ஆண்டுகள் வசித்ததற்கான டொமிசைல் சான்று வேண்டும். பில்டரிடம் வாங்குபவர்களுக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பாதுகாப்பு. வீடு வாங்குவோர் கொடுத்த பணத்தில் 70 சதவிகிதத்தைத் தனிக் கணக்கில் போட வேண்டும், உள் அளவைச் சொல்லித்தான் விற்க வேண்டும், பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று அது கட்டாயப்படுத்துகிறது. பிராவிடண்ட் பண்டை எடுத்துக் கொடுத்து ஏமாந்த பழைய காலத்தோடு பார்த்தால் இது பெரிய முன்னேற்றம்.

சட்டம் எட்டாத ஒரு கதவும் உண்டு. என்ன ஜாதி, என்ன மதம், மீன் சமைப்பீர்களா என்று கேட்டு வாடகை வீட்டை மறுக்கும் சொசைட்டிகள் இந்த நகரத்தில் இருக்கின்றன. ஆமதாபாத்து பார்சி வீட்டு வசதிச் சங்க வழக்கில், தம் சமூகத்தாரை மட்டுமே உறுப்பினராக்குவோம் என்று ஒரு சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்று 2005-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இதை மாற்ற வேண்டியது சட்டசபையும் பாராளுமன்றமும். சிங்கப்பூர் 1989-இலேயே அரசாங்க அடுக்கு மாடிகளில் எல்லா இனத்தாரும் கலந்து வாழும்படி விகிதம் வகுத்தது. அங்கும் ஊர் தாண்டி வந்த கூலித் தொழிலாளிக்கு அந்த வீடுகள் இல்லை, தொழிலாளர் விடுதிதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னால் வந்த தொழிலாளியை மறப்பது உலகப் பொது வழக்கமாகத்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

தேதியே வைக்காவிட்டால் நாளைக்கே நாட்டில் உள்ளவர்களெல்லாம் மும்பைக்கு வந்து குடிசை போட்டுவிடுவார்கள், பேட்டைத் தாதாக்கள் நிலத்தை வளைத்து விற்பார்கள் என்று அரசாங்கத் தரப்பில் சொல்லப்படுகிறது. இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. இலவசமாகச் சொத்துக் கொடுப்பது என்றால் ஏதாவது ஒரு எல்லை வேண்டியதுதான். வரி கட்டுகிறவனும் இருபதாண்டுக் கடனில் வீடு வாங்கியவனும் அதைக் கேட்கத்தான் செய்வார்கள்.

ஆனால் சொத்து வேறு, கூரை வேறு. இலவசச் சொத்துக்குத் தேதி இருக்கட்டும். நியாயமான வாடகைக்கு ஒரு கூரை கிடைப்பதற்குத் தேதி எதற்கு? வேலைக்கு வந்தவன் சொந்த வீடு கேட்டா வந்தான்? ஒண்ட இடம்தான் கேட்டான். அது நியாயமான வழியில் கிடைக்காததால்தான் தாதாவிடம் 2,500 ரூபாய் கொடுத்து நடைபாதையை வாங்கினான். 2020-இல் கொரோனாவின்போது நகரங்களிலிருந்து தொழிலாளர்கள் கால்நடையாகவே ஊருக்குப் போனதைப் பார்த்த பிறகு, மத்திய அரசாங்கம் அவர்களுக்கென வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2021-இல் மாதிரி வாடகைச் சட்டமும் வந்தது. வாடகை வீட்டின் அவசியத்தை அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது என்பதற்கு இவை அத்தாட்சி. தாராவியில் மூன்றாம் வரிசைக்கு வாடகை வீடு என்ற யோசனையும் அந்த வழியில் வந்ததே. அதை அரைமனதோடு செய்யாமல் முழுமனதோடு செய்ய வேண்டும்.

அதற்கு நான்கு காரியங்கள் தேவை. முதலாவது, வாடகை வீடுகளில் ஒரு பகுதியாவது தாராவியிலும் அதை ஒட்டிய ரயில்வே நிலத்திலும் இருக்க வேண்டும். இரண்டாவது, வாடகை எவ்வளவு, எத்தனை ஆண்டில் சொந்தமாகும், நடுவில் இறந்தால் யாருக்குச் சேரும் என்பதைத் தமிழ், மராத்தி, இந்தி, உருது மொழிகளில் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். மூன்றாவது, ஒரு காகிதம் இல்லை என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிடாமல், பள்ளிச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு, பாங்கு புத்தகம், அக்கம்பக்கத்தார் சாட்சி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நான்காவது, நீண்ட காலம் மாடியில் இருந்தவர்களைத் தரைத் தளத்தாருக்குச் சமமாக நடத்த முடியாவிட்டாலும், இரண்டாம் வரிசையிலாவது சேர்க்க வேண்டும்.

தமிழர்கள் தரப்பிலும் செய்ய வேண்டியது உண்டு. வாக்காளர் பட்டியலின் பழைய நகல், போட்டோ பாஸ், லைட் பில், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். பெயரில் உள்ள வேற்றுமைகளை இப்போதே சரி செய்துகொள்ள வேண்டும். தகுதியானவர்களின் வரைவுப் பட்டியல் வெளிவந்தால் உடனே பார்த்து, பெயர் இல்லாவிட்டால் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பட்டியலில் பெயர் சேர்ப்பதாகச் சொல்லிப் பணம் கேட்கும் ஏஜெண்டுகளுக்கு ஒரு காசுகூடக் கொடுக்கக் கூடாது. மனைவியின் பெயர் கூட்டாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிழக்குப் பக்கத்துத் தமிழர்களில் ஓய்வு பெற்ற அதிகாரிகளும் வக்கீல்களும் எத்தனையோ பேர். மனு எழுதத் தெரிந்தவர்கள் வாரத்தில் ஒரு மாலை தண்டவாளத்தைக் கடந்து மேற்கே வந்தால் அது எந்தச் சங்கத்தின் ஆண்டு விழாவைவிடவும் பெரிய தமிழ்த் தொண்டாக இருக்கும்.

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பார்கள். அந்த வளை மூன்றாம் வரிசையில் நிற்பவனுக்கும் வேண்டும். சேலத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த அந்தத் தமிழர் சுப்ரீம் கோர்ட்டு வரை போய், பிழைப்பும் உயிரும் ஒன்றே என்று சொல்ல வைத்தார். அந்தத் தீர்ப்பு வந்து 40 ஆண்டுகள் ஆகிவிட்டன. பிழைப்புக்கு எந்தத் தேதியும் கிடையாது என்று ஒப்புக்கொண்ட நாடு, அந்தப் பிழைப்பை நடத்துவதற்கு வேண்டிய கூரைக்கு மட்டும் தேதி கேட்பதை இனியாவது நிறுத்த வேண்டும்.